விலையைக் குறைத்தார்கள், ஆசிரியரை எடுத்துவிட்டார்கள்

நான் சந்தா கட்டிப் படித்துவரும் ஆங்கில எழுத்துப் பயிற்சித் தளம் இந்த மாதம் கட்டணத்தைப் பாதியாகக் குறைத்திருக்கிறது. "மாமா, இப்ப சேரலாமா?" என்று அக்கா மகள் கேட்டாள். ஆபீஸிலும் ரெண்டு பேர் கேட்டார்கள். தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். எத்தனை லெவல், எத்தனை பாடம் என்பதெல்லாம் தளத்திலேயே இருக்கிறது. எனக்குச் சொல்ல இருப்பது திருத்தம் பற்றித்தான்.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது நிறைய இருக்கிறது.

எனக்கு வேலை பாரிமுனை தம்புச் செட்டித் தெருவில், சரக்கு அனுப்பும் கம்பெனியில், டாகுமென்டேஷன். நாள் முழுக்க மெயில்தான். ஷிப்பிங் லைனுக்கு ஒன்று, வெளிநாட்டு பையருக்கு ஒன்று, கஸ்டம்ஸ் ஏஜென்டுக்கு ஒன்று. நம்மூர்ப் பள்ளியில் படித்தவர்கள் கையில் கடிதத்துக்கென்று ஒரே அச்சுதான் இருக்கும்: ஃப்ரம், டூ, சப்ஜெக்ட், ரெஸ்பெக்டட் சர், கடைசியில் தேங்க்கிங் யூ. லீவ் லெட்டரும் அதில்தான், பேங்க் மேனேஜருக்கு எழுதுவதும் அதில்தான். பரீட்சைக்கு அது போதும்.

இந்தப் பயிற்சி அந்த அச்சை உடைத்தது. ஒவ்வொரு வகை எழுத்துக்கும் ஒரு மாதிரி கொடுத்து, எந்த வாக்கியம் என்ன வேலை செய்கிறது என்று பக்கத்திலேயே குறித்திருப்பார்கள். ரிப்போர்ட்டுக்கும் ப்ரபோசலுக்கும் என்ன வித்தியாசம் என்று ஆபீஸில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. ரிப்போர்ட் நடந்ததை வைத்துப் பேசும், ப்ரபோசல் இனி நடக்க வேண்டியதற்கு எதிராளியைச் சம்மதிக்க வைக்கும். இரண்டிலும் துணைத்தலைப்பு வரலாம், ஆனால் தொனி வேறு. எழுத உட்காரும் முன் மூன்று கேள்விக்குப் பதில் எழுதச் சொல்வார்கள்: யார் படிக்கப் போகிறார், அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும், படித்து முடித்ததும் அவர் என்ன செய்ய வேண்டும். அந்தத் தாளை இன்றும் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

இதைவிடப் பெரிய விஷயம், மாதத்துக்கு இரண்டு முறை நாம் எழுதியதை ஒரு ஆசிரியர் படித்துத் திருத்தி அனுப்புவார். ஒருமுறை ஷிப்பிங் லைனுக்கு நிஜமாகவே அனுப்ப வேண்டிய மெயிலைக் கொடுத்தேன். கஸ்டம்ஸ் பரிசோதனையில் கன்டெய்னர் நின்றுபோய், கட்டணமில்லாமல் வைத்திருக்கக்கூடிய ஃப்ரீ டேஸ் தாண்டி, கன்டெய்னரைத் திருப்பித் தரத் தாமதமானதற்கான டிடென்ஷன் கட்டணம் ஏறிவிட்டது, அதைத் தள்ளுபடி செய்யச் சொல்லும் மெயில். கப்பல் வந்த நாளிலிருந்து கதையாக எழுதியிருந்தேன். அவர் இலக்கணத்தைத் தொடவே இல்லை. கடைசிப் பத்தியைச் சுற்றி ஒரு கோடு போட்டு, "இது மேலே வரட்டும். இதைப் படிப்பவர் எத்தனை நாள், எவ்வளவு தொகை, என்ன காரணம் என்று தேடித்தான் மெயிலைத் திறப்பார்" என்று எழுதியிருந்தார். அவ்வளவுதான். அன்றிலிருந்து எங்கள் ஆபீஸில் தள்ளுபடி மெயில் எல்லாம் அந்த வரிசையில்தான் போகிறது.

அந்த ஆசிரியர்களைத்தான் இப்போது எடுத்துவிட்டார்கள். பதிலுக்கு ஒரு தானியங்கித் திருத்தி. விலை குறைந்த காரணம் அதுதான், விளம்பரத்தில் அதை எங்கேயும் காணோம்.

திருத்தி வேகமானது, மறுக்கவில்லை. ஆர்ட்டிகிள், ப்ரெபொசிஷன், கமா எல்லாம் சரியாகப் பிடிக்கிறது. ராத்திரி பதினோரு மணிக்குப் போட்டாலும் உடனே பதில். ஆனால் எழுதியது என்ன வகை என்று அதற்குத் தெரியவில்லை. ரிப்போர்ட் கேட்ட பெட்டியில் வேண்டுமென்றே பழைய கட்டுரை ஒன்றை அப்படியே ஒட்டிப் பார்த்தேன். துணைத்தலைப்பு இல்லை, பரிந்துரை இல்லை. கட்டுரைக்கு என்ன மார்க் கொடுத்ததோ, அதையே ரிப்போர்ட்டுக்கும் கொடுத்து ஒரு பச்சை டிக்கும் போட்டது.

இன்னொன்று கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவருக்காக மத்திய அரசு அலுவலகம் ஒன்றுக்கு ஆர்டிஐ மனு ஆங்கிலத்தில் எழுதினேன். அதைப் போட்டுப் பார்த்தால், இந்தத் தகவல் உங்களுக்கு ஏன் தேவை என்று விளக்கினால் கடிதம் வலுவாகும் என்கிறது! 2005 தகவல் உரிமைச் சட்டத்தின் 6(2) பிரிவே, மனுதாரர் காரணம் சொல்லத் தேவையில்லை என்கிறது. புகார்க் கடிதத்துக்குக் காரணம்தான் உயிர், ஆர்டிஐ மனுவில் அது வேண்டாத சுமை. எழுத்து வகை என்பதே இந்த வித்தியாசம்தானே? அதைச் சொல்லித்தரத்தானே காசு வாங்கினார்கள்?

கேம்பிரிட்ஜ் நடத்தும் பி2 ஃபர்ஸ்ட் ஆங்கிலத் தேர்வை எழுதப்போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்தத் தேர்வில் 80 நிமிடத்தில் இரண்டு எழுத்து, ஒவ்வொன்றும் 140 முதல் 190 சொல். முதலாவது கட்டாயக் கட்டுரை. இரண்டாவதுக்கு ஆர்ட்டிகிள், மெயில் அல்லது கடிதம், ரிப்போர்ட், ரெவ்யூ என்ற வகைகளிலிருந்து வரும் கேள்விகளில் ஒன்றை எடுக்கலாம். மதிப்பீடு நான்கு தலைப்பில் நடக்கிறது. இலக்கணமும் சொல்வளமும் அதில் ஒன்றுதான். கேட்டதற்கெல்லாம் பதில் இருக்கிறதா, அந்த வகைக்குரிய தொனியும் வழக்கமும் கைவந்திருக்கிறதா, கோவையாக இருக்கிறதா என்பவை மற்ற மூன்று. திருத்தி உருப்படியாகப் பார்ப்பது அந்த ஒன்றை மட்டும்.

மாதிரிப் பாடங்கள் இன்றும் அருமை, அதில் ஒரு வரி குறைத்துச் சொல்ல மாட்டேன். இருந்தாலும் இப்போது சேராதீர்கள். பாதி விலை என்ன, கால் விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். நிலைவாரியாக மாதிரி எழுத்துகளும் பயிற்சியும் பிரிட்டிஷ் கவுன்சிலின் லேர்ன்இங்கிலீஷ் தளத்தில் இலவசமாகவே இருக்கின்றன. ஆரம்பத்துக்கு அது போதும். மிச்சமாகும் பணத்தை, நீங்கள் எழுதியதை உட்கார்ந்து படிக்கக்கூடிய ஒரு டியூஷன் டீச்சருக்குக் கொடுங்கள், வாரம் ஒரு பக்கம் என்றாலும் சரி.

என் சந்தா மார்ச்சில் முடிகிறது. ஆசிரியர் திருத்தம் திரும்ப வந்தால் பழைய கட்டணமே கட்டிப் புதுப்பிப்பேன், அதற்கு மேலே கேட்டாலும் தருவேன். வராவிட்டால் இல்லை. இதை அவர்களுக்கும் எழுதிவிட்டேன், முதல் வரியிலேயே.