டாங்கிக்காரரைத் தேடிக் கியூவுக்குப் போவதானால்

முதல் உலகப் போரில் டாங்கிக்குள் இருந்த ஒரு பிரிட்டிஷ் சிப்பாயின் பெயர் கையில் இருக்கிறது, அவர் எங்கே என்ன செய்தார் என்று தெரிய வேண்டும் என்றால், லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு நேரிலேயே போய்விடுங்கள். 'உங்கள் முன்னோரின் ராணுவ வாழ்க்கையை முழுப் புத்தகமாகத் தருகிறோம்' என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

எங்கள் மேல்மாடிப் பெரியவர் கொட்டினார். 'தாத்தா முதல் டாங்கியில் போனவர்' என்பது அவர்கள் வீட்டில் வழிவழியாக வரும் பேச்சு. நிறுவனம் பெயரை விட்டுவிடுகிறேன். கெட்டி அட்டை போட்டு ஒரு புத்தகம் வந்தது. டாங்கிகள் முதன்முதலில் சண்டையில் இறங்கிய சோம் போர்க்களம், அங்குள்ள ஃபிளேர் கிராமம், மார்க் 1 டாங்கியின் எடை எல்லாம் அதில் உண்டு. தாத்தா மட்டும் ஒரே ஒரு பக்கத்தில், பதக்க அட்டையின் (ஒரு சிப்பாய்க்கு உரிய பதக்கங்களைக் குறித்து வைத்த ராணுவ அட்டை) நகலாக இருந்தார். அந்த அட்டையைக்கூட யாரும் உட்கார்ந்து படித்ததாகத் தெரியவில்லை. படித்திருந்தால் பாதிக் கதை அதிலேயே கிடைத்திருக்கும்.

அட்டையில் முதலில் பார்க்க வேண்டியது சிப்பாயின் படை எண். டாங்கிப் படை என்ற பெயரே 1917 ஜூலையில்தான் வந்தது. அதற்கு முன் அவர்கள் இயந்திரத் துப்பாக்கிப் படையின் கனரகப் பிரிவு. பெயர் மாறியபோது பழைய ஆட்களுக்குப் புது எண் கொடுத்தார்கள்; 200 என்று தொடங்கும் ஆறிலக்க எண் கண்ணில் பட்டால் நிமிர்ந்து உட்காரலாம். அடுத்தது பதக்கம். முதல் டாங்கிக் குழுக்கள் பிரான்சில் இறங்கியதே 1916 ஆகஸ்டில். ஆகவே 1915 முடிவதற்குள் போர்முனைக்குப் போனவர்களுக்கான 1914-15 நட்சத்திரம் என்ற பதக்கம் ஒருவருக்கு இருந்தால், அவர் அதற்கு முன்பே வேறு படையில் வெளிநாடு போயிருக்கிறார். அந்தப் படையைத் தேட வேண்டும். ஓட்டுநர்களின் விவகாரம் தனி. முதல் டாங்கித் தாக்குதல் நடந்த 1916 செப்டம்பரில் டாங்கி ஓட்டியவர்களில் பெரும்பாலோர் ராணுவச் சேவைப் படையின் 711-வது கம்பெனி ஆட்கள். எண்ணுக்கு முன்னால் எம்2 என்றிருக்கும். 'டாங்கிப் படை' என்று மட்டும் தட்டித் தேடினால் இவர்களில் பலர் சிக்கவே மாட்டார்கள்.

பெரியவரின் தாத்தாவுக்கு 200-ல் தொடங்கும் எண். நட்சத்திரம் இல்லை. சரி, கிளம்பலாம் என்றேன்.

மூல ஆவணம் பார்க்க வாசகர் அட்டை வேண்டும். பெயருக்கு ஒரு சான்று, முகவரிக்கு ஒரு சான்று காட்டினால் செலவில்லாமல் தருகிறார்கள். உள்ளே பென்சில் மட்டுந்தான். பேனா, ரப்பர், தண்ணீர் பாட்டில் எதுவும் கூடாது. பெரியவர் சட்டைப் பையில் பேனாவோடு நடந்தார். வாசலில் நின்ற பெண்மணி சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பினார். சந்தா கட்டிப் பார்க்க வேண்டிய பெரிய வம்சாவளித் தளங்கள் இரண்டும் அங்குள்ள கணினிகளில் இலவசம். இதைத் தெரியாமல் வீட்டிலிருந்து வருடச் சந்தா கட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

சேவைக் கோப்பு கிடைக்கும் என்று பெரிதாக நம்பிப் போகாதீர்கள். 1940 செப்டம்பரில் ஜெர்மன் குண்டு விழுந்து போர் அலுவலகக் கிடங்கு எரிந்தது. சாதாரணச் சிப்பாய்களின் கோப்புகளில் சுமார் 60 சதவீதம் அதோடு போயிற்று. மிஞ்சியவைதான் 'எரிந்த ஆவணங்கள்', டபிள்யூ.ஓ. (போர் அலுவலகம்) 363 என்ற வரிசை. படங்களாகத்தான் பார்க்க முடியும். ஒன்றைத் திறந்தோம், அவர் தாத்தா இல்லை, அதே பெயர்க்காரர். விளிம்பு கரிந்து, தண்ணீர் பட்டு மை ஊறி, பிறந்த ஊரின் பின்பாதி காணாமல் போயிருந்தது. காயத்துக்காக ஓய்வூதியம் பெற்றவர் என்றால் டபிள்யூ.ஓ. 364-ஐ மறக்காமல் பாருங்கள், அது எரியவில்லை. அதிகாரிகளின் கோப்புகளுக்கு டபிள்யூ.ஓ. 339, 374. 1920-க்குப் பிறகும் படையில் தொடர்ந்தவர்களின் கோப்பு அந்தக் கிடங்கிலேயே இருந்திருக்காது என்பதால் அவர்களின் குடும்பத்தார் அதிர்ஷ்டசாலிகள்.

எனக்குக் கியூ பிடித்ததற்குக் காரணம் டபிள்யூ.ஓ. 95, அதாவது ஒவ்வொரு படைப்பிரிவும் போரின்போது எழுதி வைத்த நாட்குறிப்புகள். டாங்கிப் பட்டாளங்களின் பெட்டிகளில் 1917-ஆம் ஆண்டுச் சண்டை அறிக்கைத் தாள்கள் சில வருகின்றன. அச்சிட்ட படிவம், ஒவ்வொரு சண்டை முடிந்ததும் டாங்கித் தலைவர் நிரப்பியது. குழு எண், டாங்கி எண், கிளம்பிய நேரம், சுட்ட குண்டுகளின் கணக்கு, அடிபட்டவர்கள், சண்டை முடிந்தபின் டாங்கி கிடந்த நிலை. பென்சிலில் அவசரமாக எழுதிய ஒரு தாளில் 'நிலை' என்ற கட்டத்துக்குள் இடம் போதாமல் வரி வளைந்து ஓரமாக ஏறிப் போயிருந்தது. பெரியவர் அதிலிருந்து கண்ணையே எடுக்கவில்லை. படம் எடுத்துக்கொள்ளக் கட்டணம் கிடையாது, கேமராவோ கைபேசியோ போதும்.

குறை? நாட்குறிப்புகளில் அதிகாரிகளின் பெயர் வரும், சிப்பாய்கள் வெறும் எண்ணிக்கையாகத்தான் வருவார்கள். அது எழுதியவர்களின் குறை, காப்பகத்தின் குறை அல்ல. கட்டடத்தின் குறை என்றால் வாசிப்பறைக் குளிர்தான், மேல்சட்டை எடுத்துப் போங்கள்.

1916 செப்டம்பர் 15 தாக்குதலுக்கு ஒதுக்கியது 49 டாங்கிகள், ஒன்றுக்கு எட்டுப் பேர். மொத்தம் நானூறு இருக்கைகூட இல்லை. 'முதல் டாங்கித் தாத்தா'க்களை எல்லாம் எண்ணினால் ஒவ்வொரு டாங்கிக்கும் ஒரு ரயில் பெட்டி கோத்துவிட வேண்டியதுதான். பெரியவரின் தாத்தா 1917-ல் அந்தப் படையில் இருந்தார் என்று பதக்கப் பட்டியல் உறுதியாகச் சொல்கிறது. செப்டம்பர் 15 பற்றி எந்தத் தாளும் வாய் திறக்கவில்லை. "இல்லைன்னும் சொல்லலையே!" என்றார் அவர், அதில் அவருக்குத் திருப்திதான்.

போருக்குப் பின் சேர்ந்தவர்கள் என்றால் கியூவை விட டார்செட்டிலுள்ள போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தின் 1919-1934 சேர்க்கைப் பதிவேடுகள்தான் சரி. அவற்றை இணையத்திலேயே பார்க்கலாம். பிரெஞ்சு டாங்கிக்காரர் என்றால் ஆள்சேர்ப்பின்போது அவர் குடியிருந்த மாவட்டத்தின் ஆவணக் காப்பகத் தளம். ஆள்சேர்ப்புப் பதிவேடுகளைப் பெரும்பாலான மாவட்டங்கள் இலவசமாகவே வைத்திருக்கின்றன. மற்றபடி கியூவுக்கு ஐந்தில் நாலரை நட்சத்திரம். ஞாயிறும் திங்களும் வாசிப்பறை மூடியிருக்கும். வேண்டிய பெட்டிகளை வீட்டிலிருந்தே முன்கூட்டிக் கேட்டு வைத்துவிட்டுப் போனால் காலை நேரம் வீணாகாது.