பொதியிடலா, வடிவமைப்பா?

என் சின்னம்மா பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் நுண்ணோக்கி வழியே மின்னணுச் சில்லுகளைப் (சிப்) பார்த்துப் பார்த்தே பணி ஓய்வு பெற்றவர். இப்போது அவருடைய பேரன் பொறியியல் முடித்துவிட்டு, செய்த சில்லுகளை இணைத்து உறையிடும் பொதியிடல் பக்கம் போவதா, சில்லின் மின்சுற்றை வரையும் வடிவமைப்புப் பக்கம் போவதா என்று என்னிடம் கேட்கிறான்.

பொதியிடல் பினாங்குக்குப் பழகிய கை. 1972இலேயே இன்டெல் இங்கே வந்துவிட்டது. உலகச் சில்லுப் பொதியிடல், சோதனைப் பணிகளில் சுமார் 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது. அதைச் சின்னம்மா காலத்து வேலை என்று நினைத்துவிடக் கூடாது. இன்று ஒரே பெரிய சில்லுக்குப் பதிலாகச் சிறுசிறு சில்லுகளைச் செய்து, அடுக்கி, இணைக்கிறார்கள். செயற்கை நுண்ணறிவுச் சில்லுக்கு நினைவகம் ஒட்டினாற்போலப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அந்த இணைப்பில் பிசகினால், அதுவரை பல மாதங்கள் செதுக்கிய சிலிக்கான் முழுவதும் குப்பைதான். இந்த வேலைக்காகத்தான் 2021இல் இன்டெல் 3,000 கோடி ரிங்கிட் முதலீட்டை அறிவித்தது. குறை என்னவென்றால், முடிவெடுப்பவர்கள் கடல் கடந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

வடிவமைப்புக்குத் தூசியற்ற அறை வேண்டாம். மூளையும் விலையுயர்ந்த மென்பொருளும் வேண்டும். லாபமும் அங்கேதான் குவிகிறது. என்விடியாவுக்குச் சொந்தச் சில்லு ஆலையே கிடையாது! மலேசிய அரசாங்கமும் 2025 மார்ச்சில், சில்லு வடிவமைப்பில் பெயர்பெற்ற ஆர்ம் நிறுவனத்துடன் பத்தாண்டுகளுக்கு 25 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தது. ஆனால் அனுபவசாலிகள் இங்கே குறைவு; தேறியவர்களைச் சிங்கப்பூர் சம்பளம் இழுத்துக்கொள்கிறது.

வடிவமைப்புக்கே போ என்றேன். சின்னம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “அதில் இரவு ஷிப்ட் உண்டா?”