வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்காக வாங்கிய மெஷ் நாற்காலி: இரண்டாண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

2020 மார்ச்சில், ஊரடங்கு தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு மடிக்கணினியோடு திருவரங்கத்துக்கு வந்து சேர்ந்த நான், அதன்பின் இரண்டரை ஆண்டுகளுக்குச் சாப்பாட்டு மேசையிலும் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலியிலும்தான் வேலை பார்த்தேன். குரோம்பேட்டை அறை வாடகையும், அங்கிருந்து சிறுசேரிக்குப் போய்வரச் செலவான மூன்று மணி நேரமும் மிச்சமான மகிழ்ச்சியில், உட்காருவதற்கென்று தனியாகப் பணம் போட வேண்டியிருக்கும் என்று தோன்றவே இல்லை. இடுப்பு வலிக்காகப் பார்த்த மருத்துவர், மாத்திரை எழுதுவதற்கு முன் எதில் உட்கார்ந்து வேலை செய்கிறேன் என்று கேட்டார். அந்த வாரமே 8,400 ரூபாய்க்கு இந்த நாற்காலியை இணையத்தில் வாங்கினேன். சென்னை அலுவலகத்தில் இதைவிட நல்லதொரு நாற்காலி எனக்கென்று சும்மா கிடந்ததை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான்.

இதன் பெரிய நிறை, வலை போட்ட முதுகு. திருச்சி வெயிலில், குளிர்சாதனம் இல்லாத கூடத்தில், மே மாதப் பிற்பகலிலும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்வதில்லை. ரெக்சின் நாற்காலியில் ஒட்டிக்கொள்ளும். குளிர்சாதனத்தைப் பகல் முழுக்க ஓட்டலாமே என்பவர்கள், இரண்டு மாத மின்கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகள் சிலவற்றின் விலையும் ஏறிவிடுவதைக் கணக்கில் கொள்ளவேண்டும். இடுப்புக்கு முட்டுக்கொடுக்கும் பகுதியை மேலும் கீழும் நகர்த்த முடிவதால், மூன்று மாதத்தில் எனக்கு வலி வெகுவாகக் குறைந்தது.

உயரம்தான் சிக்கல். சாப்பாட்டு மேசை முப்பது அங்குலம். நான் ஐந்தடி ஒரு அங்குலம். முழங்கை மேசை மட்டத்துக்கு வரும்படி இருக்கையை ஏற்றினால் கால் தரையில் பாவுவதில்லை, தொடையின் அடிப்பகுதி மரத்துப்போகிறது. கால் பாவும்படி இறக்கினால் தோள் காதுக்கு ஏறுகிறது. பரணில் கிடந்த பலா மர மணையை அம்மா எடுத்து வந்து காலடியில் போட்ட பிறகே இந்த நாற்காலி எனக்குப் பொருந்தியது. விற்பவர்கள் இருக்கையின் மிக உயர்ந்த அளவைத்தான் பெரிதாகப் போடுகிறார்கள். உயரம் குறைந்தவர்கள் மிகத் தாழ்ந்த அளவைத் தேடிப் படிக்கவேண்டும்.

பொருத்துவதற்குக் கொடுத்திருந்த திருகாணிகளில் ஒன்று குறைந்தது. நிறுவனத்திடமிருந்து அது வந்து சேரப் பதினோரு நாள் ஆயிற்று, அதுவரை இடது கைப்பிடி இல்லாமலே உட்கார்ந்தேன். தாத்தா காலத்துச் சிவப்புச் சிமெண்டுத் தரையில் நைலான் சக்கரங்கள் வெள்ளைக் கோடு இழுத்துவிட்டன. ஜமக்காளம் விரித்தால் சக்கரத்தில் சுருட்டிக்கொள்கிறது. கடைசியில் தடித்த ரப்பர் விரிப்பு வாங்க வேண்டியதாயிற்று.

எதிர்பாராத பயன் ஒன்றும் உண்டு. பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தவரை நான் வீட்டில் சும்மா இருக்கும் பெண். சிலிண்டர்காரருக்குக் கதவைத் திறப்பதும் வந்தவர்களுக்குக் காபி கலப்பதும் என் பொறுப்பு. இப்போது தொலைபேசியில் அம்மா, “அவ சேர்ல உக்காந்திருக்கா, அப்புறம் பேசச் சொல்றேன்” என்கிறார். அலுவலகத்தில் சுவரும் அடையாள அட்டையும் செய்த வேலையை வீட்டில் இந்த நாற்காலி செய்கிறது, ஆனால் ஒரு பக்கம் மட்டும். இரவு ஒன்பது மணிக்கு அழைக்கும் மேலாளரை அது தடுப்பதில்லை. கூடத்தின் நடுவே நின்றுகொண்டிருக்கும் அதைக் கண்டால், சாப்பிட்டுக் கைகழுவி வரும்போதே விடுபட்ட மின்னஞ்சல் நினைவுக்கு வந்துவிடுகிறது. அதனால் வெள்ளிக்கிழமை மாலை அதன்மேல் பழைய வேட்டியைப் போர்த்திவிடுகிறேன்.

உத்தரவாதம் மூன்றாண்டு என்று போட்டிருந்தாலும் இருக்கையை ஏற்றி இறக்கும், ஹைட்ராலிக் என்று சொல்லப்படும் வாயு உருளைக்கு ஓராண்டுதான். பதினாறாவது மாதத்தில் இருக்கை, காணொளிக் கூட்டத்தின் நடுவிலேயே மெல்ல இறங்கத் தொடங்கியது. திரையில் என் நெற்றி மட்டுமே தெரிவதாக உடன் பணிபுரிபவர் சொன்ன பிறகுதான் கவனித்தேன். உள்ளூரில் பழுதுபார்ப்பவர் 900 ரூபாய்க்குப் புது ஹைட்ராலிக் மாற்றித் தந்தார். அதுவும் சேர்த்து விலையைக் கணக்கிட்டு, ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருகிறேன்.