லித்தியம்: சிறுநீரகத்தில் உப்பும் கால்சியமும் படும் பாடு

பைபோலார் என்ற மனநிலை ஏற்றஇறக்க நோய்க்காகப் பல வருடங்களாக லித்தியம் கார்பனேட் சாப்பிட்டு வருகிறேன். ராத்திரி தூங்குகிறேன், வேலையில் நிலைத்திருக்கிறேன். மனசுக்கு அது செய்த நல்லதற்கு இந்தச் சான்று போதும். இங்கே சொல்ல வந்தது சிறுநீரகத்தைப் பற்றி. 'கிட்னி போயிடும்' என்று பயமுறுத்துகிறவர்கள் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் என்ற ரத்த அளவை மட்டும்தான் பார்க்கச் சொல்வார்கள். எனக்கு அது இன்னும் ஒழுங்காகவே இருக்கிறது. ஆட்டம் காட்டியவை சோடியமும் கால்சியமும்.

முதலில் உப்பு. லித்தியத்தை ஈரல் உடைத்துப் போடுவதில்லை. அப்படியே சிறுநீரில்தான் வெளியேற வேண்டும். ஆனால் வடிகட்டிய லித்தியத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் நான்கு பங்கு, சோடியத்தோடு சோடியமாக ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. உடம்பில் உப்பும் நீரும் குறைந்தால் சிறுநீரகம் சோடியத்தை இறுக்கிப் பிடிக்கும். கூடவே லித்தியமும் மாட்டிக்கொள்ளும். ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டியது 1.5-ஐத் தாண்டினால் நச்சு. மருந்துக்கும் விஷத்துக்கும் அவ்வளவுதான் இடைவெளி. 1940களின் கடைசியில் அமெரிக்காவில், உப்பைக் குறைக்க வேண்டிய இதய நோயாளிகளுக்குச் சாப்பாட்டு உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடை விற்றார்கள். சோடியத்தை நிறுத்திவிட்டு லித்தியத்தைத் தின்றால் என்ன ஆகும்? சிலர் செத்தே போனார்கள். ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் இதே லித்தியம் மனநோய்க்கு உதவுகிறது என்று கட்டுரை எழுதியதும் 1949-இல்தான்.

அதனால் எங்கள் வீட்டில் உப்பு கூடவும் கூடாது, திடீரென்று குறையவும் கூடாது. வயிற்றுப்போக்கு என்றால் உப்பு சர்க்கரைக் கரைசல் குடித்துக்கொண்டே டாக்டருக்குப் போன் போட்டுவிடுவேன். முட்டி வலிக்கு இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் தொடுவதில்லை, அவை லித்தியத்தை ஏற்றிவிடும். பாராசிட்டமாலோடு சரி.

பிரஷர் மாத்திரை விஷயம் இன்னும் முக்கியம். பக்கத்துத் தெரு டாக்டர் எழுதிக்கொடுத்த அட்டையில் பெயருக்குப் பின்னால் 'எச்' என்று ஒற்றை எழுத்து இருந்தது. டெல்மிசார்டான் என்ற பிரஷர் மருந்தோடு, தயசைடு வகைச் சிறுநீர் பெருக்கியான ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை. இரண்டுமே லித்தியத்தை ஏற்றக்கூடியவை. போதாததற்கு தயசைடு, கால்சியத்தையும் சிறுநீரில் போகவிடாமல் தடுக்கும். மனநல மருத்துவர் அட்டையைப் பார்த்த உடனேயே அம்லோடிபின் என்ற வேறு பிரஷர் மாத்திரைக்கு மாற்றச் சொன்னார்.

கால்சியம் அவர் கவனத்துக்கு வந்தது ஒரு வருடாந்திரப் பரிசோதனையில். டெசிலிட்டருக்கு 10.7 மில்லிகிராம். லேபின் மேல் எல்லையைக் கொஞ்சம் தாண்டியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் ரத்தத்தில் கால்சியம் ஏறினால், அதை ஏற்றிவிடும் பாராதைராய்டு (கழுத்திலுள்ள சுரப்பி) ஹார்மோன் இறங்க வேண்டும். எனக்கு அது இறங்காமல் உயரத்திலேயே இருந்தது. சிறுநீரக மருத்துவர் 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னார் (இரண்டு லிட்டர் கேன் கொடுத்தார்கள், எனக்கு அது எப்படிப் போதும்?). அதில் கால்சியம் குறைவு. சாதாரணமாகப் பாராதைராய்டு தானாக அதிகம் வேலை செய்கிறவர்களுக்குச் சிறுநீரில் கால்சியம் கொட்டும், கல்லும் வரும். இங்கே கதை வேறு. கால்சிய அளவை உணரும் ஏற்பி ஒன்று பாராதைராய்டிலும் இருக்கிறது, சிறுநீரகக் குழாயிலும் இருக்கிறது. லித்தியம் அதை மந்தமாக்கிவிடுவதால் சுரப்பிக்கு 'போதும்' என்ற சேதி தாமதமாகப் போகிறது. சிறுநீரகமோ வெளியேற்ற வேண்டிய கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மெக்னீசியமும் சிலருக்கு இதேபோல் லேசாக ஏறுமாம். கால்வலிக்கென்று யாரோ எழுதிக்கொடுத்த கால்சியம் மாத்திரை அன்றோடு நின்றது. இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறோம். இன்னும் ஏறினால் அந்த ஹார்மோனை இறக்கும் சினாகால்செட் மாத்திரை, அதற்கும் மசியாவிட்டால் பாராதைராய்டு அறுவைச் சிகிச்சை என்று சிறுநீரக மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கேன் நிரம்பி வழிந்ததற்கும் லித்தியமே காரணம். சிறுநீரகத்தின் கடைசிக் குழாயில், சோடியத்துக்கான வாசல் வழியாக இது உள்ளே புகுந்து, தண்ணீரைத் திரும்ப உறிஞ்சும் அக்வாபோரின் புரதத்தைக் குறைத்துவிடுகிறது. கால்சியம் ஏறினாலும் இதே தொல்லை கூடும். அந்தச் சோடிய வாசலை அடைக்கும் அமிலோரைடு மாத்திரை இதற்குக் கொடுக்கப்படுவதுண்டு. எனக்கு இன்னும் தேவைப்படவில்லை. அதற்காகத் தண்ணீரைக் குறைத்துப் பார்க்கலாம் என்று மட்டும் யாரும் நினைக்காதீர்கள். உடம்பு வற்றினால் லித்தியம்தான் ஏறும்.

லேப் போகிறவர்களுக்கு ஒன்று. கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் கொடுக்க வேண்டும். குழாயையும் பாருங்கள். ஒருமுறை எனக்குப் பச்சை மூடிக் குழாயை எடுத்தார்கள். அந்த வகையில் பலவற்றில் ரத்தம் உறையாமலிருக்க லித்தியம் ஹெப்பாரின் தடவியிருக்கும்; என் ரத்தத்தில் இருப்பதோடு குழாயில் இருப்பதையும் சேர்த்து எண் காட்டும். லேபிளைப் படித்துக் காட்டியதும் அந்தப் பெண் மறுபேச்சில்லாமல் சிவப்பு மூடியை எடுத்துவிட்டார்.