எஞ்சின் நன்றாக ஓடுகிறது, புல் மட்டும் வெட்டுப்படவில்லை: உட்கார்ந்து ஓட்டும் மோவரோடு சில வருஷங்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே 40 கிலோமீட்டரில் இருக்கிற டோங்காட் பக்கம் கோடையில் புல் வளர்வதைப் பார்த்தவர்கள், தள்ளு மோவரை விட்டுவிட்டு உட்கார்ந்து ஓட்டும் மோவர் ஏன் வாங்கினாய் என்று கேட்க மாட்டார்கள். அக்டோபரில் மழை பிடித்தால் மார்ச் வரை கிக்குயு புல் அடங்காது. கொடி ஓடி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னி, மெத்தை மாதிரி ஆகிவிடும். வீட்டுத் தோட்டத்தோடு எங்கள் கோயில் மைதானத்தையும் நான்தான் வெட்டுகிறேன். தைப்பூசக் காவடி இங்கே நடுக்கோடையில் வருகிறது. புல் முழு வேகத்தில் வளரும் அந்த நேரத்தில்தான் தரை சுத்தமாக இருந்தாக வேண்டும்.

வண்டி 42 அங்குல டெக் (பிளேடுகளை மூடியிருக்கும் அடிக்கூடு), இரண்டு பிளேடு, ட்வின் சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், பிளேடை ஓட்ட எலக்ட்ரிக் கிளட்ச். எந்த பிராண்ட் என்பது இங்கே முக்கியமில்லை. பல கம்பெனி வண்டிகளில் இதே அமைப்புதான், வருகிற தொல்லைகளும் கிட்டத்தட்ட இவைதான். இருக்கை வசதி, ஸ்டியரிங், பெட்ரோல் செலவு எதிலும் குறை இல்லை. சரிவில் குறுக்கே ஓட்டாமல் மேலும் கீழுமாக ஓட்டினால் போதும். என்னைப் படுத்தியதெல்லாம் ஒன்றே ஒன்று: வெட்டும் சக்தி குறைவது. அதுவும் ஒவ்வொரு முறையும் வேறு காரணத்தால்.

கரும்பு ஆலையில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டு மாமா ஒருவர் இருக்கிறார். முதல் தடவை வண்டியைக் காட்டியபோது ஸ்பேனரைத் தொடவே இல்லை. "தம்பி, வெட்டு குறையும்போது எஞ்சின் சத்தம் இறங்குதா, இல்லையா? அதை மொதல்ல சொல்லு" என்றார். அதற்குப் பிறகு நான் பார்த்த எல்லாப் பழுதுக்கும் இந்த ஒரு கேள்விதான் வழி காட்டியது. சத்தம் திணறி இறங்கினால், எஞ்சினுக்குச் சக்தி போதவில்லை, அல்லது பிளேடின் மேல் சுமை அதிகம். சத்தம் மாறாமல் ஓடுகிறது, புல் மட்டும் மடங்கிப் படுக்கிறது என்றால், எஞ்சினுக்கும் பிளேடுக்கும் நடுவில் ஏதோ வழுக்குகிறது. கார்புரேட்டரைக் கழற்ற வேண்டிய வேலையே இல்லை.

சத்தம் இறங்கிய கேஸ்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பாதிக்கு மேல் ஈரப்புல்தான் காரணம். காலை ஈரத்தில் கிக்குயுவை வெட்டினால் டெக்கின் அடியில் பச்சைக் களிம்பு மாதிரி அப்பிக்கொள்ளும். பிளேடு புல்லை வெட்டுவதை விட்டு அந்தக் களிம்பைக் கடைந்துகொண்டிருக்கும். வெட்டிய புல்லை வெளியே விடாமல் உள்ளேயே பொடியாக்கும் மல்ச் மூடி போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். மழை மாதங்களில் அதைக் கழற்றிவிட்டுப் பக்கவாட்டில் புல்லை வீச விடுங்கள். மழுங்கிய பிளேடும் அதே வேலையைச் செய்யும். வெட்டிய புல்லின் நுனி மறுநாள் வெள்ளையாகக் கிழிந்து தெரிந்தால் சாணை பிடிக்கும் நேரம் வந்துவிட்டது. பிடித்தபின் நடுத்துளையை ஒரு ஆணியில் மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும். எடை சமமில்லாத பிளேடு, அது சுற்றும் அச்சான ஸ்பிண்டிலின் பேரிங்கைத் தின்றுவிடும்.

எங்கள் பகுதிக்கென்றே ஒரு தொல்லை உண்டு. அறுவடைக்கு முன் கரும்புக் காட்டைக் கொளுத்தும் மாதங்களில் கறுப்புச் சாம்பல் பறந்து வந்து எல்லா வீட்டு முற்றத்திலும் விழும். துணி காயப்போட்டவர்கள் திட்டுவார்கள். மோவர் வைத்திருப்பவர்கள் ஏர் பில்டரைப் பார்க்க வேண்டும். எஞ்சின் மேல்மூடியைக் கழற்றி, காற்று குளிர்விக்கும் துடுப்புகளில் சாம்பலும் புல்தூளும் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம், பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று பாதி திராட்டிலில் வெட்டுகிறவர்களிடம் ஒரு வார்த்தை: பிளேடு முழு வேகத்தில் சுற்றினால்தான் புல்லைத் தூக்கி நிறுத்தி வெட்டும். திராட்டிலை முழுக்க வைத்து, வண்டியை மெதுவாக ஓட்டுங்கள்.

இனி சத்தம் இறங்காத கேஸ்.

முதலில் வந்தது பெல்ட். வெட்டும்போது கீச்சென்ற சத்தம், ரப்பர் கருகும் வாசனை, டெக்கின் மேல் கறுப்புத் தூள். உள்ளூர்ப் பட்டறை ஒன்றில் புது பெல்ட் போட்டுத் தந்தார்கள். ஒரு மாதம் நன்றாக வெட்டியது, பிறகு பழைய கதைதான். மாமா டெக்கை இறக்கி, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் ஐட்லர் கையை ஆட்டிப் பார்த்தார். அது அசையவே இல்லை. கடற்காற்றில் அதன் அச்சு துருப்பிடித்து இறுகிவிட்டது. ஸ்பிரிங் இழுத்தும் கை நகரவில்லை என்றால் எந்த பெல்ட் போட்டாலும் தளர்ந்துதான் கிடக்கும், வழுக்கும், ஓரம் பளபளவென்று கண்ணாடியாகும். அச்சைத் தேய்த்துக் கிரீஸ் வைத்த பிறகு அந்தத் தொல்லை திரும்பி வரவில்லை. பெல்ட்டையும் அப்போதே மாற்றினோம். பட்டறை போட்டது சாதாரண மெஷின் பெல்ட். மோவருக்கென்று செய்யும் பெல்ட்டுகளில் பெரும்பாலும் அராமிட் என்ற வலுவான இழை இருக்கும். திடீர் இழுப்பையும், பின்பக்கமாக மடங்கி ஓடுவதையும் அது தாங்கும். விலை அதிகம்தான், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மலிவு பார்ப்பது வீண்.

அடுத்தது கிளட்ச். என்னை அதிகம் குழப்பியது இதுதான், ஏனென்றால் முதல் அரை மணி நேரம் வண்டி அருமையாக வெட்டும். அதற்குப் பிறகு அடர்ந்த இடத்தில் பிளேடு சோர்ந்துவிடும். எஞ்சின் அதே சுருதியில் ஓடிக்கொண்டிருக்கும். நிறுத்தி, டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி வெட்டும்! சூடானால் விடுகிறது, ஆறினால் பிடிக்கிறது என்றால் சந்தேகம் நேரே எலக்ட்ரிக் கிளட்ச் மேல் போக வேண்டும். அது ஒரு மின்காந்தம். கரன்ட் பாய்ந்தால் ஒரு தட்டை இழுத்துப் பிடித்து, எஞ்சினின் சுழற்சியை பெல்ட்டுக்குக் கொடுக்கும். செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் சுமார் 0.4 சதவீதம் கூடும். 80 டிகிரி ஏறினால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல். அதனால் கரன்ட் ஏறக்குறைய கால் பங்கு குறையும், காந்தப்பிடி தளரும், தட்டு வழுக்கும். வழுக்கினால் இன்னும் சூடு.

நல்ல கிளட்ச் இதைத் தாங்கும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. ஏற்கனவே பலவீனமாக இருந்தால்தான் விடும். பலவீனம் இரண்டு வழியில் வரலாம். ஒன்று, வோல்டேஜ். எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் திருப்பி, சீட்டில் ஒருவரை உட்கார வைத்து, பிளேடு சுவிட்சை இழுங்கள். டக்கென்று சத்தம் கேட்கும். அப்போது பேட்டரியிலும் கிளட்ச் பிளக்கிலும் மல்டிமீட்டர் வைத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். என் வண்டியில் ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம். பிளக்கைப் பிரித்தால் உள்ளே பச்சைப் பாசி பூத்த செம்பு. மறுபடியும் கடற்காற்று. சுத்தம் செய்து, மின்சாரக் கிரீஸ் தடவி மூடினோம். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே என்றால் சார்ஜ் ஆகவில்லை.

இரண்டாவது, காந்தத்துக்கும் தட்டுக்கும் நடுவிலுள்ள காற்று இடைவெளி. தட்டு தேயத் தேய இடைவெளி கூடும், காந்தம் எட்டி இழுக்க வேண்டியிருக்கும். என் கிளட்ச்சில் மூன்று நட்டும் மூன்று சின்ன ஜன்னலும் உண்டு. ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்து, மூன்று இடத்திலும் ஒரே அளவாக வைக்க வேண்டும். இந்த வகைக்குப் பெரும்பாலும் 0.3 முதல் 0.5 மில்லிமீட்டருக்குள் வரும், ஆனால் உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவுதான் கணக்கு. இதைச் செய்யும் முன் சாவியை எடுத்து, இரண்டு ஸ்பார்க் பிளக் ஒயரையும் கழற்றி ஒதுக்கி வையுங்கள். வண்டியை வெறும் ஜாக்கின் மேல் நிறுத்திவிட்டு அடியில் கை விடாதீர்கள்.

ஒரு கோடை முழுக்க ஓடிவிட்டது, சூட்டில் சோரவில்லை. இப்போது வலது ஸ்பிண்டிலை கையால் சுற்றினால் லேசாகக் கரகரக்கிறது. பேரிங் மாற்ற வேண்டும். ஆடி மாதம் இங்கே குளிர்காலம். அம்மனுக்குக் கஞ்சி ஊற்றும் நாட்களில் புல் தூங்கிவிடும், டெக்கை இறக்கிப் போட அதைவிட நல்ல நேரம் கிடையாது.

இதே வண்டியை மறுபடி வாங்குவேனா என்றால், வாங்குவேன். ஆனால் கடற்கரைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள், கடையில் காசைக் கொடுக்கும் முன் குனிந்து ஐட்லர் அச்சில் கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் முனை) இருக்கிறதா, கிளட்ச் பிளக்குக்கு ரப்பர் உறை இருக்கிறதா என்று பாருங்கள். என் வண்டியில் இரண்டுமே இல்லை.