லேசருக்கு முற்பணம் கட்ட முதல் உங்கள் கருவிழிப் படத்தைக் கையில் வாங்குங்கள்

கொழும்பில் கண்ணாடியைக் கழற்ற லேசர் செய்யலாம் என்று யோசிப்பவர்கள், முக்கியமாக மைனஸ் ஐந்துக்கு மேல் பவர் உள்ளவர்கள், காசு கட்ட முதல் இதை வாசியுங்கள். என் தங்கச்சிக்கு நடந்தது இது. அவளுடைய கண் தப்பிவிட்டது. தப்ப வைத்தது அவளிடம் காசு வாங்கிய லேசர் நிலையம் இல்லை.

அவளுக்கு 24 வயது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே கண்ணாடி, இரண்டு கண்ணிலும் மைனஸ் ஆறரை. வேலைக்குச் சேர்ந்த பிறகு கொன்டக்ட் லென்ஸ்: காலையில் போட்டால் இரவு படுக்கும்போதுதான் கழற்றுவாள். கலியாணப் பேச்சு தொடங்கியதும் "பொம்பிளை கண்ணாடி போடுறவவோ?" என்று கேட்டவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியே எனக்குக் கோபம் வரவைப்பது. இந்தக் கேள்வியால் எத்தனை பெண்பிள்ளைகள் லேசர் நிலையங்களின் வாசலுக்குப் போகிறார்கள் என்பது அந்த நிலையங்களுக்கு நன்றாகத் தெரியும். விளம்பரத்தில் எப்போதும் மணப்பெண்தானே சிரிக்கிறாள்.

காலி வீதியில் உள்ள ஒரு தனியார் கண் நிலையம் அது. முதலில் பேசியவர் டொக்டர் இல்லை. 'ஆலோசகர்' என்று சொல்லிக்கொண்ட ஒரு விற்பனைப் பெண். "கண்ணாடி கரைச்சல், லென்ஸ் போட்டால் இன்பெக்ஷன் வரும், லேசர்தான் பாதுகாப்பு. இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் டிஸ்கவுன்ட்" என்றார். அதே வாயால் "வாழ்க்கை முழுக்கக் கண்ணாடியே தேவைப்படாது" என்றும் சொன்னார். அது உண்மையில்லை. தூரப் பார்வைக்கு லேசர் செய்தவர்களுக்கும் நாற்பது வயது தாண்டினால் வாசிப்புக் கண்ணாடி தேவைப்படும். வயதோடு கண்ணின் உள்ளிருக்கும் வில்லை இறுகுவதை லேசர் நிறுத்தாது.

பிறகு கருவிழியின் வளைவைப் படமாக எடுக்கும் மெஷினில் பரிசோதனை. தங்கச்சி தன் லென்ஸைக் கழற்றியது அந்த நிலையத்தின் கழுவுமிடத்தில், பரிசோதனைக்குச் சற்று முன்னர். எப்போது கழற்றினீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. லென்ஸ் கண்ணின் முன்படலத்தை, அதாவது கருவிழிப் படலத்தை அழுத்தி, அதன் வடிவத்தைத் தற்காலிகமாக மாற்றிவிடும். அதனால் மென்மையான லென்ஸ் போடுபவர்கள் ஒன்று, இரண்டு கிழமையாவது அதை விட்டுவிட்டுத்தான் அளவு எடுக்க வேண்டும். கடினமான லென்ஸ் என்றால் இன்னும் கூடுதலான காலம். லேசர் செய்கிற எந்த இடமும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

டொக்டர் வந்தார், சில நிமிடம் பார்த்தார், "உங்களுக்குச் செய்யலாம்" என்றார். கண் வறட்சி இருக்கிறதா, கண்ணைக் கசக்கும் பழக்கம் உண்டா, கடந்த ஒரு வருடத்தில் பவர் மாறியதா, ஒன்றையும் கேட்கவில்லை. அவளுடைய பவர் போன வருடம் முக்கால் கூடியிருந்தது. பழைய பரிசோதனைத் துண்டு அவளுடைய கைப்பையிலேயே இருந்தது. பவர் ஒரு வருடமாவது நிலையாக நிற்காதவர்களுக்கு லேசர் செய்வதில்லை என்பது இந்தத் துறையின் அரிச்சுவடி. அன்றே லேசருக்குத் திகதி குறித்து, முற்பணம் 40,000 ரூபாய் வாங்கினார்கள்.

அறிக்கையை நான் கேட்டபோது "அது எங்கட பாவனைக்கு மட்டும் அக்கா" என்றார்கள். எழுத்தில் கேட்டபின்தான் பிரதி வந்தது. அதை எடுத்துக்கொண்டு வேறொரு கண் வைத்தியரைச் சனல் பண்ணினோம். அவர் தாளைப் பார்த்த உடனேயே, "இதைப் பார்த்துமா திகதி குடுத்தவை?" என்று கேட்டார். லென்ஸை முழுதாக நிறுத்தி, கண்ணாடி மட்டும் போடச் சொல்லி, சில கிழமைகளுக்குப் பிறகு மறுபடியும் அளந்தார். இரண்டு படத்திலும் ஒரே விஷயம். கருவிழிப் படலத்தின் கீழ்ப்பகுதி தேவைக்கு மேல் குவிந்திருக்கிறது; படத்தில் அது சிவப்புத் திட்டாகத் தெரிகிறது. மிக மெல்லிய இடத்தில் தடிப்பு 485 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). படலம் மெலிந்து கூம்பு போல முன்னுக்குத் தள்ளும் கெரட்டோகோனஸ் என்ற நோயின் ஆரம்பமாக இருக்கலாம் என்பது அவருடைய சந்தேகம். அந்தச் சந்தேகம் இருந்தாலே லேசர் கூடாது.

அவர் எங்களுக்கு விளங்கப்படுத்திய கணக்கை அப்படியே தருகிறேன். சாதாரணமாகக் கருவிழிப் படலத்தின் தடிப்பு 540 மைக்ரோன் அளவில், அதாவது அரை மில்லிமீற்றரைச் சற்றுத் தாண்டி இருக்கும். லேசிக் என்ற லேசர் முறையில் மேலே ஏறக்குறைய 110 மைக்ரோன் தடிப்பில் ஒரு படலத்தை வெட்டித் திறப்பார்கள். அதன் கீழே ஒவ்வொரு மைனஸ் பவருக்கும் 12 முதல் 15 மைக்ரோன் வரை லேசரால் எரித்தெடுப்பார்கள். ஆறரைக்கு 15 மைக்ரோன்படி பார்த்தால் ஏறக்குறைய 97. வெட்டியதும் எரித்ததும் சேர்ந்து 207. தங்கச்சியின் 485இல் மிஞ்சுவது 278 மட்டும். மிஞ்ச வேண்டிய ஆகக் குறைந்த அளவு 250 என்பார்கள். கவனமான வைத்தியர்கள் 300 கேட்பார்கள். இன்னொரு அளவுகோலும் உண்டு: மொத்தத் தடிப்பில் 40 சதவீதமோ அதற்கு மேலோ தொடப்பட்டால் ஆபத்து கூடும். இவளுக்கு அது கிட்டத்தட்ட 43. படத்தில் குவிவு இல்லாவிட்டாலும்கூட யோசித்திருக்க வேண்டிய கண் இது. குவிவும் இருக்கிறது. அப்படிப்பட்ட கண்ணில் லேசர் பட்டால் படலம் பலமிழந்து முன்னுக்குத் தள்ளிக்கொண்டு வரலாம். பிறகு கண்ணாடி போட்டாலும் பார்வை சரிவராது. கடைசியில் கருவிழி மாற்று வரைக்கும் போகலாம். 1961இல் ஹட்சன் சில்வா தொடங்கிய கண் தானச் சங்கம் உலகமெல்லாம் கருவிழி அனுப்பும் நாடு இது. அந்தத் தானம் வேறு வழியில்லாதவர்களுக்கானது. நல்ல பார்வையோடு நடந்து வந்த பிள்ளையை அந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்துவதற்கு இல்லை.

என்னால் மன்னிக்க முடியாதது இதுதான்: அந்தச் சிவப்புத் திட்டு அவர்களுடைய கோப்பிலேயே, அவர்களுடைய மெஷின் அச்சடித்த தாளிலேயே இருந்தது. அதை வைத்துக்கொண்டு காசும் வாங்கி, திகதியும் குடுத்தார்கள்.

காசைத் திருப்பிக் கேட்டோம். ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் 'மீளளிக்கப்படாது' என்று இருக்கிறதாம். "குடும்பத்தில வேற ஆருக்காவது மாத்தித் தாறம்" என்றார்கள். வேறு யாருடைய கண்ணைக் கொண்டுபோய்க் குடுப்பது?

லேசரே கூடாது என்று நான் சொல்லவில்லை. போதிய தடிப்பும் நிலையான பவரும் உள்ளவர்கள் செய்து நன்றாக இருக்கிறார்கள், எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். ஆனால் கண்ணாடியைக் கழற்றி வைக்கலாம், லென்ஸைக் கழற்றி வைக்கலாம். எரித்தெடுத்த படலம் திரும்ப வளராது. அதனால்தான் அளவு எடுப்பதில் அவசரம் கூடாது.

தங்கச்சி இப்போது 1.67 வகை மெல்லிய லென்ஸ் போட்ட கண்ணாடிதான் போடுகிறாள். மைனஸ் ஆறரைக்கும் ஓரம் அவ்வளவு தடிப்பாகத் தெரியவில்லை. கண்ணைக் கசக்கக்கூடாது என்பது கண்டிப்பு. குவிவு கூடுகிறதா என்று இடைக்கிடை படமெடுத்துப் பார்ப்பார்கள். கூடினால் ரைபோபிளேவின் சொட்டு விட்டு, புற ஊதா ஒளியால் படலத்தை இறுக்கும் சிகிச்சை இருக்கிறது. அது நோயை நிறுத்தத்தான், கண்ணாடியைக் கழற்ற அல்ல. பார்வை தெளிவு குறைந்தால் அளவெடுத்துச் செய்யும் கடினமான லென்ஸ் உதவும் என்றும் அந்த இரண்டாவது வைத்தியர் சொன்னார். லென்ஸ் போடுபவர்களுக்கு அவர் இன்னொன்றும் அழுத்திச் சொன்னார்: தாங்கித் தண்ணீர், குழாய்த் தண்ணீர் எதிலும் லென்ஸைக் கழுவாதீர்கள், போட்டபடி குளிக்காதீர்கள். தண்ணீரில் வாழும் அக்கந்தமீபா என்ற கிருமி கருவிழியைப் புண்ணாக்கிவிடும்.

எங்கே போனாலும் டொபோகிராபி எனப்படும் அந்தக் கருவிழி வளைவுப் படத்தின் பிரதியையும், மிக மெல்லிய இடத்தின் தடிப்பு எத்தனை, லேசருக்குப் பிறகு எத்தனை மிஞ்சும் என்ற இரண்டு எண்களையும் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் எழுந்து வாருங்கள். இரண்டாவது அபிப்பிராயத்துக்குக் காசு இல்லையென்றால் லிப்டன் சுற்றுவட்டத்துக்குப் பக்கத்தில் தேசிய கண் வைத்தியசாலை இருக்கிறது.

நாங்கள் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குமுறைச் சபைக்கு முறைப்பாடு எழுதிக் குடுத்திருக்கிறோம். 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தனியார் வைத்திய நிலையங்களைப் பார்க்கும் சபை அதுதான். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் ரசீது, பரிசோதனைப் படம், திகதி குறித்த துண்டு எல்லாவற்றினதும் பிரதிகளை இணைத்து அனுப்புங்கள். மூலப் பிரதிகளை மட்டும் யாருக்கும் குடுத்துவிடாதீர்கள்.