ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இழுக்கும் வண்டி: புஷ்ஷா, டிஃபரன்ஷியலா?

நிதானமாக ஓட்டினால் நேராகப் போகிறது. ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தினால் ஒரு பக்கம் இழுக்கிறது. டர்போவை மாற்றி, ஸ்பிரிங்கைத் தாழ்த்தி, அகலமான சக்கரம் போட்ட ஆல் வீல் டிரைவ் வண்டிகளில் அடிக்கடி கேட்கும் புகார் இது. கேட்டவுடன் எல்லோரும் சொல்லும் மருந்து வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணங்களை இயந்திரத்தில் அளந்து சரிசெய்வது. அந்த இயந்திரம் அளப்பது நின்றுகொண்டிருக்கும் வண்டியை. முழு டார்க்கும் (சுழற்று விசை) சக்கரத்துக்குப் போகும் நொடியில் டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் கோணம்) காஸ்டரும் (பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டீயரிங் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் கோணம்) எங்கே நகர்கின்றன என்பதை அது காட்டாது. எண்கள் எல்லாம் சரியாக இருக்கும். இழுப்பு அப்படியே இருக்கும்.

எதையும் கழற்றுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். இழுக்கும்போது ஸ்டீயரிங் கையில் முறுக்குகிறதா, அல்லது ஸ்டீயரிங் அமைதியாக இருக்க வண்டி மட்டும் விலகுகிறதா? முறுக்கினால் முன்பக்கத்தில் தேட வேண்டும். வண்டி மட்டும் விலகினால், அதை இருக்கையில் முதலில் உணர்ந்தால், பின்பக்கத்தில் தேட வேண்டும். இந்தச் சோதனையைப் போக்குவரத்து இல்லாத மூடிய பாதையில் மட்டுமே செய்ய வேண்டும். இழுப்பு எவ்வளவு கடுமையாக வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

டயரைச் சீக்கிரம் முடித்துவிடலாம். முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் டயர்தான் காரணம். ஒரே திசையில் மட்டும் உருள வேண்டிய டயராக இருந்தால், அதே பக்கத்தின் பின் டயரோடு மாற்றிப் பாருங்கள். டயர் காரணமாக வரும் இழுப்பு சாதாரண வேகத்திலும் கொஞ்சமாவது தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உண்மையான போட்டி தேய்ந்த கண்ட்ரோல் ஆர்ம் புஷ்ஷுக்கும் முன் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலுக்கும் இடையில்தான். சக்கரத்தை வண்டியின் உடலோடு இணைக்கும் கை கண்ட்ரோல் ஆர்ம்; அதன் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ். இடது வலது சக்கரங்களுக்கு டார்க்கைப் பிரித்துக் கொடுப்பது டிஃபரன்ஷியல்; ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் வகை லிமிடெட் ஸ்லிப். இரண்டும் கையில் ஏறக்குறைய ஒரே மாதிரி முறுக்கும். ஆனால் உள்ளே நடப்பது வேறு.

முடுக்கும்போது சக்கரம் வண்டியை முன்னே தள்ளுகிறது. அந்தத் தள்ளுதல் கண்ட்ரோல் ஆர்மின் புஷ் வழியாகத்தான் உடலுக்குப் போகிறது. ஒரு பக்கத்து ரப்பர் தளர்ந்திருந்தால் அந்தச் சக்கரம் மட்டும் சில மில்லிமீட்டர் முன்னே நகரும், டோ மாறும். காலை எடுத்தவுடன் என்ஜின் இழுத்துப் பிடிக்க, அதே சக்கரம் பின்னே வரும். ஆகவே அழுத்தும்போது ஒரு பக்கமும் காலை எடுக்கும்போது எதிர்ப்பக்கமும் இழுக்கும். எந்தச் சாலையில் ஓட்டினாலும் இந்த முறை மாறாது.

லிமிடெட் ஸ்லிப் இப்படி விசுவாசமாக ஒரே பக்கம் இழுக்காது. சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரங்களுக்கும் சம டார்க் கொடுக்கிறது. பல்சக்கர வகை லிமிடெட் ஸ்லிப்போ மெதுவாகச் சுழலும் பக்கத்துக்கு அதிக டார்க்கை அனுப்புகிறது. சாலையின் சரிவு, பள்ளம், ஒரு சக்கரத்தின் கீழ் மட்டும் ஈரம் என எது மாறினாலும் இழுப்பின் பக்கமும் மாறும். விதிவிலக்கு ஒன்று உண்டு: முன் டயர்களின் சுற்றளவு சமமாக இல்லாவிட்டால், பெரிய டயர் மெதுவாகச் சுழன்று அதிக டார்க்கை வாங்கும், வண்டி எப்போதும் சிறிய டயர் இருக்கும் பக்கமே போகும். இரண்டிலும் ஒரே காற்றழுத்தம் வைத்து, டேப்பைச் சுற்றி அளந்தால் விஷயம் தெரிந்துவிடும்.

ஒரே பக்கம் இழுக்கிறது, காலை எடுத்தால் எதிர்ப்பக்கம் போகிறது என்றால் நான் தயக்கமில்லாமல் புஷ்ஷைத்தான் முதலில் பார்ப்பேன். வண்டியை ஜாக்கியில் ஏற்றி, கம்பியால் ஆர்மை முன்னும் பின்னும் நெம்புங்கள். ரப்பரின் மேல் தெரியும் மெல்லிய வெடிப்பைக் கண்டு ஏமாற வேண்டாம். பழைய ரப்பர் எல்லாவற்றிலும் அது இருக்கும். உள்ளிருக்கும் உலோகக் குழாயை விட்டு ரப்பர் பிரிந்து, நெம்பும்போது பிறை வடிவில் இடைவெளி திறந்தால் அதுதான் தடயம். இடதையும் வலதையும் ஒப்பிட்டுப் பார்ப்பது முக்கியம். இரண்டும் சமமாகத் தேய்ந்திருந்தால் இழுப்பே தெரியாமல் போகலாம்.

இந்த இரண்டையும் பெரிதாக்கிக் காட்டும் மூன்றாவது ஆள் ஸ்பேசர், அதாவது சக்கரத்தை வெளியே தள்ளி வைக்க அதன் பின்னால் போடும் தட்டு. சக்கரம் எந்தக் கோட்டைச் சுற்றித் திரும்புகிறதோ அதுதான் ஸ்டீயரிங் அச்சு; அது தரையைத் தொடும் இடத்துக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரம் தரைமட்ட ஆஃப்செட். முடுக்கத்தின்போது கணக்கில் வருவது இந்த ஆஃப்செட் என்றே பலரும் நினைக்கிறார்கள். பிரேக் பிடிக்கும்போது அது சரி. ஆனால் டிரைவ் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) வழியாக வரும் உந்துவிசை சக்கர மையத்தின் உயரத்தில் செயல்படுகிறது. அங்கே ஸ்டீயரிங் அச்சுக்கும் சக்கரத்தின் நடுத்தளத்துக்கும் உள்ள தூரம் மிக அதிகம். அச்சு 13 டிகிரி சாய்ந்து, தரையில் டயரின் நடுவைத் தொடுகிறது, டயரின் ஆரம் 310 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மைய உயரத்தில் அந்தத் தூரம் சுமார் 72 மில்லிமீட்டர். 15 மில்லிமீட்டர் ஸ்பேசர் போட்டால் 87 ஆகிவிடுகிறது. இடது வலது உந்துவிசையில் வரும் ஒவ்வொரு வித்தியாசமும் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் பலத்துடன் ஸ்டீயரிங்கைத் திருப்பும். லிமிடெட் ஸ்லிப்பைக் குறை சொல்லிக் கழற்ற நினைப்பவர்கள், முதலில் ஸ்பேசரைக் கழற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு மணி நேர வேலைதான்.

டிரைவ் ஷாஃப்ட் மீதான சந்தேகம் வண்டியைப் பொறுத்தது. சுபாரு போல என்ஜின் நீளவாக்கில் இருந்தால் இரு பக்கமும் ஷாஃப்ட் நீளம் ஏறக்குறைய சமம்; அதைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளலாம். என்ஜின் குறுக்கே இருக்கும் வண்டியைத் தாழ்த்தினால் இரு பக்கத்து ஷாஃப்ட்டும் வெவ்வேறு கோணத்தில் நிற்கலாம். தளர்ந்த என்ஜின் மவுன்ட் முடுக்கும்போது அந்த வித்தியாசத்தை இன்னும் கூட்டும். குறுக்கு என்ஜினோடு, பின்சக்கரங்களுக்கு விசையை இணைக்கும் ஹால்டெக்ஸ் கப்ளிங் இருக்கும் வண்டிகளில் இன்னொன்றையும் பாருங்கள்: கப்ளிங்கின் எண்ணெய் பம்ப்பில் உள்ள சல்லடை அடைத்துக்கொண்டால் பின்சக்கரங்களுக்கு விசை சரியாகப் போகாது. என்ஜினின் கூட்டிய டார்க் முழுவதையும் முன்சக்கரங்களே தாங்க, அது வரை தெரியாத சிறு குறையெல்லாம் இழுப்பாக வெளிவரும்.

ஸ்டீயரிங் அமைதியாக இருந்து வண்டி மட்டும் விலகினால், பின்பக்கத்தில் டோவைச் சரிசெய்யும் போல்ட்டைப் பாருங்கள். போல்ட்டின் தலையிலிருந்து சப்ஃப்ரேம் (ஆர்ம்கள் பொருத்தப்பட்ட சட்டம்) வரை ஒரே நேர்கோடாகப் பெயின்ட் அடையாளம் போட்டு, சில முறை முழு விசையில் ஓட்டிவிட்டுக் கீழே குனிந்து பாருங்கள். கோடு இரண்டாக விலகியிருந்தால் போல்ட் நழுவியிருக்கிறது. மரை தேய்ந்திருந்தால் போல்ட்டை மாற்றி, டோவை மீண்டும் வைத்து, தயாரிப்பாளர் சொன்ன டார்க் அளவுக்கு முறுக்க வேண்டும். கோடு நேராகவே இருந்தும் வண்டி விலகினால், பின் ஆர்ம்களின் புஷ்ஷையும் சப்ஃப்ரேம் புஷ்ஷையும் முன்பக்கத்தில் செய்தது போலவே நெம்பிப் பாருங்கள்.